தாம்பூலப் பையில் ஒரு நோய்

இப்போதெல்லாம் கல்யாண வீட்டு வாசலில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு மரக்கன்றும் கொடுக்கிறார்கள். கறுப்பு பாலித்தீன் பையில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கொய்யா, ஒரு மா, இல்லாவிட்டால் ஒரு செம்பருத்தி. மணமக்கள் பெயரோடு "மரம் வளர்ப்போம்" என்று ஒரு சீட்டும் அதில் தொங்கும். கொடுத்தவருக்கும் சந்தோஷம், வாங்கியவருக்கும் சந்தோஷம். பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் கன்று, தலைவர் பிறந்தநாளிலும் கன்று, கடைத் திறப்பு விழாவிலும் கன்று. நல்ல காரியம்தானே, இதில் என்ன குறை இருக்க முடியும்?

ஒரே ஒரு குறைதான். அந்தக் கன்றின் இலையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஐந்நூறு கன்று ஒரே ஆர்டரில் வருகிறது. எந்த ஊர் நர்சரியில் பிறந்தது, எத்தனை லாரி மாறி வந்தது, பக்கத்தில் எந்தெந்தச் செடிகளோடு ஒட்டி உரசி நின்றது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஒரே மாலையில் அந்த ஐந்நூறும் நாற்பது ஊருக்குப் பிரிந்து போகின்றன. ஒரு பூச்சியை மாநிலம் முழுக்கப் பரப்ப வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டால்கூட இதைவிடக் கச்சிதமான வழி கிடைக்காது!

கடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். செடியை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்கிற மனிதர்கள்தான் செடிக்கு நோயைச் சுமந்து போகிறார்கள். வந்த நோய்க்கு வைத்தியம் என்று அதே கை எடுத்துத் தெளிக்கிற விஷம்தான் செடியின் உண்மையான வைத்தியனைக் கொல்கிறது. இந்த இரண்டு பழக்கத்தையும் வைத்துக்கொண்டு துணிப்பை தூக்குவதும் மாடியில் தோட்டம் போடுவதும் பசுமை வாழ்க்கை ஆகிவிடாது.

வெறும் மிரட்டல் இல்லை என்பதற்குக் கோயம்புத்தூரே சாட்சி.

2008-ம் ஆண்டின் நடுவில் அந்தப் பக்கத்துப் பப்பாளி மரங்களில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ படர ஆரம்பித்தது. இலை சுருண்டது, காய் முழுக்க வெள்ளைப் படலம், அதற்கு மேலே கரும்பூசணம். பப்பாளி மாவுப்பூச்சி என்று பிறகு தெரிந்தது. அதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1990-களில் கரீபியன் தீவுகள், 1998-ல் ஃபுளோரிடா, அப்புறம் பசிபிக் தீவுகள், 2008-ல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா என்று அது உலகம் சுற்றியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாவுப்பூச்சியில் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. குஞ்சுகள் காற்றில் கொஞ்ச தூரம் அடித்துப் போகும், எறும்பு தூக்கிப் போகும், அவ்வளவுதான். சிறகில்லாத ஒரு பூச்சி இரண்டு பெருங்கடலைத் தாண்டி வந்திருக்கிறது என்றால் அதற்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யார்? செடியோடும் பழத்தோடும் அதை ஏற்றிவிட்டது மனிதன்தான். எந்தப் பெட்டி, எந்தக் கப்பல் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் யாருக்கும் குற்றவுணர்ச்சியும் இல்லை.

பப்பாளியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மரவள்ளி, கொய்யா, பருத்தி, செம்பருத்தி, தேக்கு என்று போகிற வழியில் இருந்த எல்லாவற்றிலும் ஏறியது. சாலையோரப் பார்த்தீனியச் செடியில்கூடக் குடியிருந்தது. கொங்கு நாட்டில் அடி விழுந்த இடம் மல்பெரி. பட்டுப்புழு மல்பெரி இலையைத் தவிர வேறு எதையும் தின்னாது. இலையில் பூச்சி இருந்தால் புழுவுக்குத் தீனி இல்லை, பூச்சியைக் கொல்ல விஷம் அடித்தால் அந்த இலையைத் தின்று புழு சாகும். பட்டு வளர்க்கிற குடும்பம் எந்தப் பக்கம் திரும்பும்? பப்பாளிக்காரர்கள் தோப்பையே வெட்டிச் சாய்த்தார்கள்.

வெட்டுவதற்கு முன் எல்லோரும் செய்தது ஒன்றுதான். மருந்து அடித்தார்கள்.

இந்த "மருந்து" என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லிக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் வேறு பெயரே இல்லை. "மருந்து அடிச்சாச்சா?" என்பார்கள். அதே கிராமத்தில் "அவன் மருந்தக் குடிச்சிட்டான்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே சொல், ஒரே டப்பா. செடிக்கு ஊற்றும்போது வைத்தியம், மனிதன் வாய்க்குப் போனால் சாவு. விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த நாளிலேயே பாதித் தோல்வி முடிந்துவிட்டது. மருந்து என்று சொல்லிவிட்டால் நோய் வராத நாளிலும் ஒரு டோஸ் கொடுக்கத் தோன்றும், தீராவிட்டால் இரண்டு டோஸ் கொடுக்கத் தோன்றும். எழுதிக் கொடுக்கிற டாக்டர் யார்? பெரும்பாலும் அதை விற்கிற கடைக்காரர்தான்!

மாவுப்பூச்சிக்கு உடம்பெல்லாம் மெழுகுப் பொடி. இலைச் சுருளுக்குள்ளும் காய்க் காம்புக்கு அடியிலும் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். தெளித்த விஷம் அதன் மேல் வழிந்தோடும். ஆனால் அந்த மாவுப்பூச்சியைத் தின்ன வருகிற பொறிவண்டுக்கு மெழுகுச் சட்டை இல்லை. அதற்குள் முட்டையிட வருகிற குளவிக்கும் இல்லை. ஆக, ஒவ்வொரு டேங்க் மருந்தும் எதிரியை விட்டுவிட்டு நண்பனைத்தான் அதிகமாகக் கொன்றது. அடுத்த மாதம் பூச்சி இரண்டு மடங்கு. அதற்கு மறுபடியும் மருந்து.

உலகம் இந்தப் பாடத்தை ஏற்கனவே படித்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். 1880-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து போன ஒரு வெள்ளைச் செதில்பூச்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1888-ல் ஆல்பர்ட் கோபலே என்பவர் ஆஸ்திரேலியா போய் அந்தப் பூச்சியைத் தின்கிற ஒரு சிவப்புப் பொறிவண்டைப் பிடித்து அனுப்பினார். வெடாலியா என்று அதற்குப் பெயர். இரண்டே வருஷத்தில் தோட்டங்கள் பிழைத்தன. 1928-ல் அதே செதில்பூச்சி நீலகிரியில் சீகை மரங்களில் தலைகாட்டியபோது அதே வண்டைத்தான் இங்கேயும் வரவழைத்தார்கள். கலிபோர்னியாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டிடிடி வந்தது. புது மருந்தல்லவா, ஆரஞ்சுத் தோட்டத்தில் அடித்துத் தீர்த்தார்கள். வண்டு செத்தது, ஐம்பது வருஷத்துக்கு மேலாக அடங்கிக் கிடந்த செதில்பூச்சி எழுந்து வந்தது. நெல்லிலும் இதே கதைதான். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகுவதைக் கண்டு வெறுத்துப்போய் இந்தோனேசிய அரசு 1986-ல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடை போட்டது. நாடு பட்டினி கிடக்கவில்லை.

கோயம்புத்தூருக்கு வரலாம். 2010-ம் ஆண்டு ஜூலையில் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் மையம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். மிகச் சிறியது, மனிதனைக் கொட்டாது. மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைக்கும், உள்ளே பொரிந்த புழு பூச்சியைத் தின்று வளர்ந்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்றுதான் களத்தில் முன்னால் நின்றது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் மற்ற நிலையங்களும் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தன. ஒரே ஒரு நிபந்தனை. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது.

சில மாதங்களில் பூச்சி அடங்கியது. பப்பாளி மறுபடி நட்டார்கள், மல்பெரி தழைத்தது. இந்தக் குளவியால் மிச்சமான தொகையைப் பிற்பாடு கணக்குப் போட்ட பொருளாதார ஆய்வாளர்கள், முதல் ஆண்டில் மட்டும் குறைந்தது 12 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். இரண்டு வருஷம் டேங்க் டேங்காக விஷம் ஊற்றியும் நடக்காத வேலையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி, சம்பளமில்லாமல் செய்து முடித்தது. அது இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது, யாராவது அதன் மேல் மருந்து அடிக்காதவரை.

இதைப் படித்துவிட்டு "சரி, எது வந்தாலும் ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டால் முடிந்தது" என்று கையை விரித்து உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் பத்தே வருஷம் தள்ளி நடந்ததைப் பார்க்க வேண்டும். 2020-ல் கேரளத்தில் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்கு வயல்களுக்கு வந்து சேர்ந்தது. இது தென் அமெரிக்கப் பூச்சி, 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அந்தக் கண்டத்தின் மரவள்ளியையே காலி செய்யப் பார்த்த அதே பூச்சி. அதற்கும் பராகுவேயில் ஒரு குளவியைத் தேடிப் பிடித்துத்தான் தீர்வு கண்டார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெர்ரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த அந்தக் குளவி 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிடப்பட்டது. ஆனால் பூச்சி கண்ணில் பட்டதற்கும் குளவி வந்ததற்கும் நடுவில் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷம் கிழங்கு போட்டவன் என்ன செய்வான்? கந்துவட்டிக்காரன் குளவி வரும்வரை காத்திருப்பானா?

மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆண் துணையே தேவையில்லை. பெண் தனியாகவே பெருகும். ஒரு கட்டு விதைக்குச்சியில் ஒற்றைப் பூச்சி ஒட்டியிருந்தால் போதும், ஒரு வயல். குச்சி எங்கிருந்து வருகிறது? ஒரு தோட்டத்தில் வெட்டி, கட்டுக் கட்டாக லாரியிலும் டிராக்டரிலும் அடுத்த ஜில்லாவுக்கு. கல்யாணக் கன்று போன அதே வழி.

குளவி எல்லா நோய்க்கும் கிடைக்காது என்பதற்குப் பழனி மலைக்குப் போக வேண்டும். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை விளைகிற இடம். வாழையில் முடிக்கொத்து நோய் என்று ஒன்று உண்டு. இலைகள் சிறுத்து, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். இளம் கன்றில் வந்தால் குலை தள்ளவே தள்ளாது. வைரஸ். அதற்கு மருந்தும் இல்லை, குளவியும் இல்லை. 1913-ல் இலங்கையில் அறியப்பட்ட இந்த நோய், 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்து, அங்கிருந்து மெல்ல மெல்ல மலை ஏறியது. அசுவினிப் பூச்சி பக்கத்து மரத்துக்குக் கடத்தும். ஆனால் மலையிலிருந்து மலைக்குக் கடத்தியது அசுவினி இல்லை, கன்றைத் தோண்டித் தோளில் வைத்துக் கொண்டுபோன மனிதர்கள்தான். கீழ்ப்பழனி மலைகளில் 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப் போனதாகச் சொல்கிறார்கள். விருப்பாட்சி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் கிடைத்தது. பட்டயம் சுவரில் தொங்குகிறது, வாழை மலையில் இல்லை. வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்து அதை மீட்கும் வேலையைத் திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் வேளாண் பல்கலைக்கழகமும் செய்து வருகின்றன. அப்படி நட்ட சுத்தமான கன்றுக்குப் பக்கத்தில் "எங்க தாத்தா காலத்துக் கட்டை" என்று பாசத்தோடு ஒரு நோய்க் கட்டையைக் கொண்டுவந்து ஊன்றினால் எல்லாம் தண்ணீரில் போட்ட உப்பு.

நீலகிரி உருளைக்கிழங்கும் அப்படித்தான். 1961-ல் ஊட்டிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணில் வருவது. அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் இருபது வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும்.

இத்தனைக்கும் பதிலாகக் கேட்கிற கேள்வி ஒன்று தயாராக இருக்கும். "நாலு இலை கொண்டுபோனா என்ன ஆயிடப் போகுது?" விமான நிலையத்தில் கறிவேப்பிலையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள் என்று கோபப்படாத வெளிநாட்டுத் தமிழர் குறைவு. அம்மா ஆய்ந்து, கழுவி, நிழலில் உலர்த்தி, ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தது. அதிகாரிக்கு என்ன தெரியும் அதன் அருமை? மனசு புரிகிறது. ஆனால் அதிகாரிக்கு வேறு ஒன்று தெரியும்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைத் தாக்கும் கிரீனிங் நோய் என்று ஒன்று இருக்கிறது. (பெயரைப் பாருங்கள், பசுமை நோய்! பழம் பழுக்காமல் பச்சையாகவே கோணி நிற்பதால் வந்த பெயர்.) மரத்துக்குள் ஓடும் ஒரு பாக்டீரியா அது, வந்தால் மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. அதைச் சுமந்து திரிவது சில்லிட் என்கிற, எள்ளளவு பூச்சி. அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலைத் துளிர் மிகவும் பிடித்த வீடு. ஃபுளோரிடாவில் 1998-ல் சில்லிட் வந்தது, 2005-ல் நோய் தென்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில் 2022-23 பருவத்தில் விளைந்தது 1.6 கோடிப் பெட்டிக்கும் குறைவு. புயல்களுக்கும் அதில் பங்குண்டு என்றாலும் முதல் குற்றவாளி இந்த நோய்தான். இதற்கு நடுவில் 2009-ல் கலிபோர்னியாவில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பையை மோப்ப நாய் காட்டிக் கொடுத்தது. திறந்தால் கறிவேப்பிலை, அதில் உயிரோடு சில்லிட்டுகள், சோதித்தால் அவற்றில் கிரீனிங் நோய்க் கிருமி. நாலு இலைதான்!

ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பரிலிருந்து இதில் இன்னும் கறாராகிவிட்டது. வெளியிலிருந்து வருகிற பயணி செடி, பழம், காய், பூ எதைக் கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு. அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை. இதை நிறவெறி என்று சிலர் முகநூலில் பொங்குகிறார்கள். இந்தியாவின் சட்டத்தில் மட்டும் என்ன எழுதியிருக்கிறதாம்? 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும் அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் செடியோ விதையோ உள்ளே வரக்கூடாது என்றுதான் சொல்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஆர்க்கிட் கிளையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து "யாரும் பாக்கல" என்று பெருமையடிக்கிறவர்கள், பப்பாளித் தோப்பை வெட்டிய ஆளின் முகத்தை ஒருமுறை நேரில் பார்த்திருந்தால் தேவலை.

நியாயமான எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது. கப்பல் கப்பலாகக் கண்டெய்னரில் வருகிற சரக்கை விட்டுவிட்டு ஒரு பாட்டியின் பையைச் சோதிப்பது என்ன நீதி? உண்மைதான். நாற்றும் மரமும் தானியமும் வியாபாரமாகப் போய்வருகிற அளவுக்கு முன்னால் பயணியின் பை தூசு. துறைமுகத்தில் சோதனை ஒழுங்காக நடக்க வேண்டும், ஆளும் கருவியும் வேண்டும், அதைக் கேட்டுச் சண்டை போடவும் வேண்டும். சோதனை சரியில்லாவிட்டால் யார் தலையில் விடியும் என்பதற்கு 2014 ஒரு உதாரணம். அந்த ஆண்டு மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு எல்லாவற்றையும் நிறுத்தியது. அனுப்பிய சரக்கில் பழ ஈயும் மற்ற பூச்சிகளும் தொடர்ந்து பிடிபட்டதுதான் காரணம். நட்டம் விளைவித்தவனுக்கு. ஆனால் பெரிய திருடன் இருக்கிறான் என்பதற்காகச் சின்னத் திருட்டு புண்ணியம் ஆகிவிடுமா? கண்டெய்னரை மாற்றச் சட்டம் வேண்டும், வருஷங்கள் வேண்டும். கைப்பையை மாற்ற இன்று சாயங்காலம் போதும்.

அடுத்து மாடித் தோட்டக்காரர்கள். இவர்கள் மேல் கோபம் வருவதற்குக் காரணம், இவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. நல்லவர்கள், அக்கறையுள்ளவர்கள், அதனால்தான் ஆதங்கம். ஒரு இலையில் இரண்டு அசுவினி கண்டால் போதும், உடனே ஸ்பிரேயர். "இது ஆர்கானிக்தான்" என்று சமாதானம் வேறு. சோப்புக் கரைசலுக்கும் எண்ணெய்க் கரைசலுக்கும் எது நல்ல பூச்சி எது கெட்ட பூச்சி என்று படிக்கத் தெரியாது. எதன் மேல் படுகிறதோ அதற்கு மூச்சு முட்டும், பொறிவண்டுப் புழுவையும் சேர்த்து. (பொறிவண்டின் புழு பார்க்க முதலைக் குட்டி மாதிரி அசிங்கமாக இருக்கும். பாதிப் பேர் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள்.) அசுவினி இல்லாத செடியில் பொறிவண்டு எதைத் தின்னும்? கொஞ்சம் பூச்சி இருக்கிற தோட்டம்தான் ஆரோக்கியமான தோட்டம். ஒரு பூச்சியும் இல்லாத செடி கடையில் இருக்கிறது, பிளாஸ்டிக்கில்.

பொள்ளாச்சித் தென்னையில் 2016-ல் சுருள் வெள்ளை ஈ வந்தபோது வேளாண் விஞ்ஞானிகள் சொன்னதே "மருந்து அடிக்காதீர்கள்" என்பதுதான். விசையோடு தண்ணீர் பீய்ச்சுங்கள், மஞ்சள் அட்டையில் ஆமணக்கு எண்ணெய் தடவிக் கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளியுங்கள், காய்ந்ததும் உரிந்து விழும், என்கார்சியா என்ற குளவி தானாகப் பெருகும், அதை விடுங்கள் என்றார்கள். மைதாக் கஞ்சியா என்று சிரித்தவர்கள் உண்டு. விலை உயர்ந்த டப்பாவில் வராத எதுவும் வைத்தியமாகத் தெரியாதபடி பழக்கிவிட்டார்களே!

வீட்டளவில் இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. நர்சரியில் கன்று வாங்கும்போது பூவைப் பார்க்காமல் இலையின் அடிப்பக்கத்தையும் கணுவையும் பார்த்தால் போதும். வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, வரிசையாக எறும்பு, இதில் ஒன்று இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். எறும்பு சும்மா ஏறாது. மாவுப்பூச்சி கழிக்கும் தேனுக்காக ஏறுகிறது, அந்தத் தேனுக்காகப் பொறிவண்டைக் கடித்து விரட்டிக் காவலும் காக்கிறது. எறும்பை ஏறவிடாமல் செய்தாலே பாதி வேலை முடியும். புதுச் செடியைப் பழைய செடிகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைப்பது நல்லது. கொரோனாவுக்குப் பிறகு குவாரண்டைன் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? பூச்சி அப்பிய கிளையை வெட்டிக் காம்பவுண்டுக்கு வெளியே வீசுவது, அடுத்தவன் வீட்டில் குப்பை கொட்டுவதுதான். பையில் போட்டு இறுகக் கட்டி நாலு நாள் வெயிலில் வைத்தால் வெந்துவிடும்.

விதைத் திருவிழாக்களைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நாட்டு விதையைக் கைமாற்றுவது நடக்கட்டும். விதையிலும் சில நோய் போகும் என்றாலும் காய்ந்த, சுத்தமான, மண் ஒட்டாத விதையில் ஆபத்து குறைவு. பச்சைக் கிளை, கட்டை, கிழங்கு, வேர் மண், இவைதான் நோயின் வண்டி.

2020-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுத் தாவர நல ஆண்டாக அறிவித்திருந்தது. உலகின் பயிர் விளைச்சலில் 40 சதவீதம் வரை பூச்சிக்கும் நோய்க்கும் போகிறது என்று அதன் உணவு வேளாண் அமைப்பு எடுத்துச் சொல்ல நினைத்த ஆண்டு. மனிதனுக்கே நோய் வந்து உலகம் கதவைச் சாத்திக்கொண்டதால் அந்த ஆண்டு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இப்போது மே 12-ம் தேதியைப் பன்னாட்டுத் தாவர நல நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் எங்காவது ஒரு மேடை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் எங்கிருந்தோ வந்த ஒரு கன்றைக் கையில் கொடுத்து அனுப்பாமல் இருந்தால் சரி.

கல்யாணத்தில் கன்று கொடுத்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் அந்த ஐந்நூறையும் அந்த ஊர் நர்சரியிலேயே ஒரு மாதம் முன்னால் சொல்லி வைக்கலாம். தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் தர அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கலாம், நர்சரிக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பந்தலுக்கு வந்து இறங்கியதும், பாயசத்துக்கு முந்திரி ஆய்கிற நாலு பேரில் ஒருவரை எழுப்பி, பத்துக் கன்றின் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அந்த லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, விருந்தாளிகளுக்குத் தேங்காயை மட்டும் கொடுங்கள்.